பள்ளத்து டவருக்கு ஓய்வு

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் அலுவலகத்தில் பேனாக்களை மேசையோடு கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். கயிறு எட்டுகிற தூரம் வரைதான் கையெழுத்துப் போட முடியும். இவ்வளவு தாராளமாக ஒரு பேனாவைப் பிடித்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. "நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதுங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் தேநீர் வாங்கப் போயிருக்கிறீர்கள். விசாரணை அதிகாரி என்றால் மீசை வைத்த யாராவது வருவார் என்று பயந்திருந்தேன். உங்களுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். கோடு போட்ட தாள் கொடுத்ததற்கும் நன்றி. எனக்கு எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். இந்த வழக்கே அதனால் வந்ததுதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. இருபத்தாறு வருடமாக ஒரு செல்போன் கம்பெனியில் இருக்கிறேன். டவர் ஏறுகிற வேலை அல்ல. பேருந்துப் படி ஏறவே என் முழங்கால்கள் யோசிக்கும். முன்பெல்லாம் ஒரு டவரின் சக்தியைக் கூட்டவோ குறைக்கவோ, அதன் ஆன்டெனாவைக் கொஞ்சம் குனிய வைக்கவோ ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது டவர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்கின்றன. அதற்கென்று தனித்தனி சாஃப்ட்வேர்கள் உண்டு. ஆளுக்கொரு வேலை. எங்கள் பிரிவில் அவற்றுக்கு உறவுமுறை வைத்துத்தான் பேசுவோம்.

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து டவரைத் தூங்க வைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறவர் சிக்கன மாமா. வீடு முழுக்க நடந்து நடந்து விளக்கை அணைத்துக்கொண்டே வருகிற ஒரு ஆள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அவர்தான். ஒரு டவரில் நெரிசல் என்றால் பாதிப் பேரைப் பக்கத்து டவருக்கு அனுப்பி வைக்கிறவள் பங்குப் பெரியம்மா. எங்காவது சிக்னல் இல்லாமல் ஓட்டை விழுந்தால், தூங்குகிற டவரை எழுப்பியோ, பக்கத்து டவரைக் குனிய வைத்தோ, ஓடிப்போய் அதை அடைக்கிறவள் ஓட்டைச் சித்தி.

மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் தங்கள் வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பவர்கள். சண்டை வர இது போதாதா? மாமா அணைப்பார், சித்தி போடுவாள். மாமா மறுபடி அணைப்பார். ஒருமுறை ஒரே நாளில் ஒரு டவர் நானூறு தடவை தூங்கி எழுந்தது. அந்தத் தெருவில் அன்று யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்கவில்லை. அதனால் எத்தனை கல்யாணங்கள் நின்றனவோ, எத்தனை பிழைத்தனவோ, எங்களிடம் கணக்கில்லை.

அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்தைக் கொண்டுவந்தோம். அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான். டவரில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மூவரும் பஞ்சாயத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். யார் சொல்லுக்கு முதல் மரியாதை என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு முடிவு எடுத்துவிட்டால் பதினைந்து நிமிடம் அந்த டவரை வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு பூட்டும் விழும். பட்டியலில் சித்திக்குத்தான் எப்போதும் முதலிடம். மனிதர்கள் பேச முடியாமல் போவதைவிட மின்சாரம் வீணாகலாம் என்பது கம்பெனியின் கொள்கை. அதை எழுதியவள் நான். பட்டியலைக் கைவைத்து மாற்றும் அதிகாரம் இரண்டே பேருக்கு இருந்தது. இன்னொருவர் போன வருடம் ஓய்வு பெற்று, மீன் பிடிக்கப் போய்விட்டார்.

அலுவலகத்தில் இப்படி. வீட்டில் என் சொல்லுக்குப் பட்டியலில் இடமே கிடையாது. என் கணவர் இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன். லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவன் மனைவி கண் மருத்துவமனையில் கண்ணாடி அளவு பார்ப்பவள். எனக்கு இப்போது இருக்கும் கண்ணாடி அவள் பார்த்துக் கொடுத்ததுதான். "அத்தை, தூரத்துல இருக்கறது உங்களுக்கு நல்லாவே தெரியுது. பக்கத்துல இருக்கறதுதான் தெரியல" என்றாள். வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சேர்த்தும் சொன்னாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

கல்யாணமாகி நான்கு மாதம் என்னோடு இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, அவளோட ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கோம்."

"நல்லதுடா. காத்தோட்டமா இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி?"

"வருது."

"அப்புறம் என்ன, போங்க."

அவ்வளவுதான் பேச்சு. என் சமையலறையிலேயே நல்ல பாத்திரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வண்டி தெரு திரும்புகிற வரை கையசைத்தேன். உள்ளே வந்து பார்த்தால் எனக்குச் சமைக்க ஒரு வாணலிதான் மிச்சம் இருந்தது. தியாகத்திலும் கொஞ்சம் திட்டமிடல் வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவர்கள் போன இடத்துக்குப் பள்ளம் என்று பெயர். பழைய கல்குவாரி. கிண்ணம் மாதிரி இருக்கும். கிண்ணத்தின் அடியில் எண்பது வீடுகள். மற்ற கம்பெனிகளின் சிக்னல் விளிம்போடு நின்றுவிடும். உள்ளே இருப்பது எங்கள் டவர் ஒன்றுதான். கேபிள் இன்னும் இறங்கவில்லை, அதனால் இணையமும் அந்த டவர் வழியாகத்தான். மேட்டில் எங்கள் டவர் இன்னொன்று உண்டு. அதைக் குனிய வைத்தால் பள்ளத்துக்குள் ஓரளவு எட்டும்.

மகனுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மாலை ஏழிலிருந்து பத்து வரை டூட்டி. வீட்டில் இருக்கலாம், ஆனால் எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவன் செல்போன் அடிக்கும், பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும். அவர்கள் குடிபோன இரண்டாவது மாதம் பள்ளத்து டவர் உண்மையிலேயே பழுதாகிவிட்டது. அதில் என் கை இல்லை. அன்று ஏழு மணிக்கு வாசலில் மகன் நின்றான்.

"அங்க சிக்னல் செத்துப்போச்சும்மா. பத்து மணி வரைக்கும் இங்க உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தான். சாப்பிட்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கணவன் மனைவியின் கதையைச் சொன்னான். அவன் கதவைத் திறந்தபோது அந்த அம்மாள், "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வாப்பா, பாதிச் சண்டைதான் முடிஞ்சிருக்கு" என்றாளாம். நான் புரையேறும்வரை சிரித்தேன். பழைய மாதிரி காலை நீட்டி, சோபாவின் கைப்பிடியில் தலையை வைத்துக்கொண்டான். மறுநாள் டவரைச் சரிசெய்துவிட்டார்கள். அவன் வரவில்லை. நான் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைக் கழுவாமலே திரும்ப அடுக்கினேன்.

பேனாவை எடுத்துக் கொடுக்கும்போது நீங்கள் கேட்டீர்கள்: "ஏம்மா, வந்து என்கூட இருங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. ஆனால் நான் இருபத்தாறு வருடமாகத் தொலைத்தொடர்பில் இருப்பவள். மற்றவர்கள் பேசுவதற்கு வழி செய்யத்தான் எனக்குத் தெரியும். நானே பேசுவது என்றால் அது வேறு பிரிவு.

அந்த வாரமே பஞ்சாயத்தைத் திறந்தேன். பள்ளத்து டவருக்கு மட்டும் சிக்கன மாமாவை முதலிடத்தில் வைத்தேன். பதினைந்து நிமிடப் பூட்டை மூன்று மணி நேரம் என்று மாற்றினேன். மேட்டு டவரைச் சித்தி குனிய வைத்துவிடக்கூடாது என்று அதற்கும் அதே பூட்டைப் போட்டேன். ஏழு மணிக்கு மாமா டவரைத் தூங்க வைப்பார். சித்தி வந்து கதவைத் தட்டுவாள். பத்து மணி வரை பஞ்சாயத்து அவளை உள்ளே விடாது. காரணம் என்ற கட்டத்தில் 'சோதனை' என்று எழுதினேன். மகனுக்கு டூட்டி இருக்கும் வாரங்களில் மட்டும். டூட்டி இல்லாத வாரத்தில் பள்ளத்து மக்களின் சிக்னலை ஏன் கெடுக்க வேண்டும்? நான் என்ன அரக்கியா? டூட்டிக் கணக்கு மறந்துவிடக்கூடாது என்று அவன் கொடுத்த தேதிகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன்.

மகன் வரத் தொடங்கினான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஏழு மணிக்கு, கடிகாரம் மாதிரி. எனக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. மருத்துவர் நடைப்பயிற்சியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் காலாண்டில் மின்சாரச் சிக்கனத்தில் எங்கள் பிரிவு முதலிடம் வந்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பித்தளை மாதிரி இருக்கும், தட்டினால் பிளாஸ்டிக். மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். சின்னச் சின்ன இடங்களில்கூட விளக்கை அணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள்.

பள்ளத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மகன் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். தனி ஆள். எல்லோரும் டிரைவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். தினமும் மாலை ஏழரைக்கு அப்பாவோடு பேசுவாளாம். எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் புலம்பினார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்மா. ஒரு ஸ்டாப்ல ஆள் நின்னா நிறுத்தாமப் போனதே இல்ல. இந்த டவர்காரனுங்க நம்ம ஸ்டாப்ப மட்டும் பார்த்துப் பார்த்து நிறுத்தாமப் போறானுங்க. விளங்குவானுங்களா?"

மருமகள் இருமினாள். "ஐயா, அத்தை அந்தக் கம்பெனிலதான்..."

"அய்யய்யோ, உங்களச் சொல்லலம்மா. உங்களுக்கு மேல இருக்கறவனுங்களச் சொன்னேன்."

அந்த விஷயத்தில் எனக்கு மேலே யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. தேநீர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். புகார் எண்ணுக்குப் பேசினால் தேதி, நேரம் கேட்கிறார்களாம். அதனால் சிக்னல் போன நாள், போன நிமிடம், வந்த நிமிடம் எல்லாம் குறித்து வைத்திருந்தாள். முத்து முத்தான எழுத்து. "நீங்க ஒரு தடவ பார்க்கறீங்களா அத்தை? உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்" என்றாள். பார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. என் பிரிவில் இருக்கும் யாருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. "நானே கவனிக்கறேம்மா" என்றேன். அதில் பொய் இல்லை. நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

டூட்டி வாரம். மகன் வழக்கம்போல் ஏழுக்கு வந்தான். மருமகள் பள்ளத்து வீட்டில் இருந்தாள். சூப் வைத்திருந்தேன். என் லேப்டாப் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திறந்திருந்தது. பிரிவுத் தலைவி என்பதால் மாலையில் அது திறந்தே இருக்கும்.

"உப்புக் கம்மிம்மா."

"வயசாகுதுல்ல, கம்மியாத்தான் போட்டுக்கணும்."

"யாருக்கு? எனக்கு முப்பத்தொண்ணு."

"சரி, எனக்கு வயசாகுது. டப்பா அங்கதான் இருக்கு, போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தான். சின்ன வயதிலிருந்தே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் கலக்குவான்.

"அம்மா, இப்படி அங்கயும் இங்கயும் அலையறது சரிப்பட்டு வரல. பேசாம அடுத்த மாசம் இங்கயே வந்துடலாமான்னு அவகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"யோசிக்கறேன்னு சொன்னா. ஐயாவ விட்டுட்டு வரத்தான் மனசில்லயாம். ஆனா வந்துடுவாம்மா. அவளுக்கும் இந்தச் சிக்னல் இல்லாம முடியல."

அப்போது லேப்டாப்பில் சித்தியிடமிருந்து ஒரு வரி வந்தது. வழக்கமான வரிதான். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன். பழைய அறையைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசினோம். அலமாரியை எந்தச் சுவரோரம் போடுவது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம்கூட வந்தது. நான் விட்டுக்கொடுத்தேன்.

எட்டு முப்பத்தொன்றுக்கு மகனின் செல்போன் அடித்தது. பள்ளத்தில் பக்கத்து வீட்டு அம்மாள், மேட்டில் நின்று கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் கிளம்புகிற பையன் பத்து விநாடியில் கிளம்பினான். சூப் பாதி மிச்சம்.

டிரைவர் ஐயா ஏழரை மணிவாக்கில் மாடிப்படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்திருக்கிறார். நினைவோடுதான் இருந்தார். வியர்த்துக் கொட்டியதாம். மருமகள் ஆம்புலன்ஸுக்கு முயன்றாள், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மொட்டை மாடியில் ஏறி நின்று தன் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் கார் இருந்த ஒரே வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஐயா மருமகளின் கையை விடவில்லை. "பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அந்த அம்மாள்தான், எனக்கு இருப்பதைவிட மோசமான முழங்கால்களோடு, சரிவு முழுக்க ஏறி மேட்டுக்குப் போய்ப் பேசினாள். ஆம்புலன்ஸ் பள்ளத்துக்குள் இறங்கும்போது ஐயா போய்விட்டார். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் எப்போதும் அப்படிச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு மருமகளால் அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியவில்லை. ஒரே வாரத்தில் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவளுக்குத் தினமும் மாலையில் சூடாகப் பால் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, அலமாரி நான் சொன்ன சுவரில்தான் வந்து நிற்கிறது என்பதைக் கவனித்தேன்.

கம்பெனியில் ஒரு விசாரணை வைத்தார்கள். சாஃப்ட்வேர்களுக்கிடையே என்ன தகராறு என்று கண்டுபிடிக்க, அனுபவம் மிக்க ஒருவரை நியமித்தார்கள். என்னைத்தான். ஓநாயிடம் ஆட்டுக் கணக்கைக் கேட்ட மாதிரி. நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சிக்கன மாமாவுக்கும் ஓட்டைச் சித்திக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் சாரம். அதற்குள் பட்டியலைப் பழையபடி மாற்றிவிட்டிருந்தேன். அறிக்கை தெளிவாக இருப்பதாகப் பாராட்டினார்கள்.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை பகலில் மருமகள் ஃபிரிட்ஜின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். பால் எடுக்கப் போனவள். கையில் அந்த நோட்டுப் புத்தகம்.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"டவருக்கு இவரோட டூட்டி எப்படித் தெரியும்?"

"புரியலையேம்மா."

"டூட்டி இருக்கற வாரம் மட்டும்தான் சிக்னல் போயிருக்கு. இல்லாத வாரம் ஒரு நாள்கூடப் போகல. நடுவுல ஒரு தடவ இவர் வேற ஒருத்தர்கூட வாரத்த மாத்திக்கிட்டார். டவரும் கூடவே மாத்திக்கிச்சு."

"தற்செயலா இருக்கும்மா."

"இருக்கும். ஆனா அந்த வாரத்த இந்தத் தாள்ல சிவப்பு மையில திருத்தி வச்சிருக்கீங்க. இது உங்க எழுத்து."

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடி அளவு பார்க்கும்போது, இந்த எழுத்துத் தெரிகிறதா, இந்த எழுத்து என்று கேட்பாளே, அதே குரல். நான் பால் பொங்கிவிடப் போகிறது என்றேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. அவள் அந்தத் தாளை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவை இரண்டும் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. தாளின் மூலையில் இருக்கும் கறை சூப்புதான், வேறொன்றும் இல்லை.

மகன் துணிமணிகளை எடுக்க ஒரு தடவை வந்தான். செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அன்னிக்கு நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்பவே உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்னு சொல்ல முடியாதுடா. திரைல இருந்துச்சு."

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்பாவைப் போலத்தான். இரண்டாவது கேள்வி கேட்க மாட்டான். அதனால்தான் எங்கள் தாம்பத்தியம் சுமுகமாக இருந்தது.

மேலே, லேப்டாப்பில் வழக்கமான வரி வந்தது என்று எழுதியிருக்கிறேன். அது அவ்வளவு சரியில்லை. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வழக்கமான வரி கறுப்பாக இருக்கும்; அதைப் பஞ்சாயத்து தானே மறுத்துவிடும். அன்று வந்தது சிவப்பு. மொட்டை மாடியிலிருந்து அந்த அம்மாள் முயன்ற அழைப்பை மேட்டு டவர் தூரத்திலிருந்து அரைகுறையாகக் கேட்டிருக்கிறது, பிடிக்க முடியவில்லை. அவசர அழைப்பு என்ற குறி மட்டும் வந்து சேர்ந்தது. சித்தி கேட்டது மிகச் சின்ன விஷயம்: மேட்டு டவரைக் கொஞ்சம் குனிய வைத்துக்கொள்ளட்டுமா என்று. அவசரக் குறியோடு வரும் கோரிக்கையைப் பஞ்சாயத்து தானாக மறுக்காது, ஒரு மனிதரைக் கேட்கும். அதுவும் நான் எழுதிய விதி. மனிதருக்கு மனம் இருக்கும் என்று அப்போது காரணம் எழுதியிருந்தேன்.

ஏழு முப்பத்தெட்டிலிருந்து எட்டு பத்துக்குள் பதினோரு தடவை கேட்டது. பதினோரு தடவையும் மறுப்பு என்ற பொத்தானை நான்தான் அழுத்தினேன். முதல் தடவை, மகன் அப்போதுதான் என் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த நிமிடத்தில் சிக்னல் திரும்பி, அவன் செல்போன் அடித்து, 'இங்க சரியாயிடுச்சு, வீட்டுக்கு வாங்க' என்று அவள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. பள்ளத்தில் எண்பது வீடுகள் இருக்கின்றன, யாரோ எதற்கோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது தடவை, ஒருவேளை அது மருமகளாக இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு ஆறாவதை அழுத்தினேன். ஸ்பூன் சத்தத்தில் பொத்தான் சத்தம் கேட்காது. மகன் அலமாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒன்பது வருடத்தில் இருந்ததில்லை.

டிரைவர் ஐயாவைக் கொன்றது நான்தான். மாமா இல்லை, சித்தி இல்லை. அந்தப் பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்துவிடலாம். கேடயத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மேசையில் அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

எழுதி முடித்ததும் மனம் லேசாக இருக்கிறது. நான் திருந்திவிட்டேன் என்றே நினைக்கிறேன். மகனும் மருமகளும் புது வீட்டுக்குப் போய்விட்டார்களாம். எந்தத் தெரு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. ஒரே ஒரு அலுவலக விஷயம் உங்கள் கவனத்துக்கு: என் பாஸ்வேர்டை இன்னும் யாரும் முடக்கவில்லை. முடக்குவதற்கான படிவத்தில் பிரிவுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும், அது நான்தான். திறந்திருக்கிறதா என்று நேற்று சும்மா பார்த்தேன். பார்க்கும்போது மகனின் செல்போன் எந்த டவரில் இருக்கிறது என்பது தானாகக் கண்ணில் பட்டது. பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் டவர். சிக்னல் நன்றாகத்தான் கிடைக்கிறது. ஆனால் பாவம், பழைய டவர். பகலெல்லாம் உழைக்கிறது. சாயங்காலத்தில் அதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?